அழுத்திப் பிடிச்சா பேஸ் காணாமப் போகுது (சர்ஜ் எக்ஸ்டி)

கேள்வி: சர்ஜ் எக்ஸ்டியில (இலவச சின்தசைசர் ப்ளக்இன்) ஒரு ரீஸ் பேஸ் (உறுமிக்கிட்டே அலையுற பேஸ் சத்தம்) கட்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு சா ஆசிலேட்டர் (ரம்பப்பல் வடிவ அலை எழுப்புறது), நடுவுல 20 சென்ட் விலகல் (அரைச்சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்), மேல டிஸ்டார்ஷன் (அலையைச் சிதைச்சு கரகரப்பாக்குற எஃபெக்ட்). உறுமல் பிரமாதம். ஆனா 55 ஹெர்ட்ஸ் ஏ நோட்டை அழுத்திப் பிடிச்சா, ஒன்றரை செகண்டுக்கு ஒருதடவை அடிவயிறு காலியாயிடுது, திரும்ப வருது. ஒரு ஆக்டேவ் மேல போனா இதே கூத்து ரெட்டை வேகத்துல. ஒவ்வொரு தடவை ரெண்டர் பண்ணி ஃபைலாக்கும்போதும் கிக் டிரம்மோட சேர்ற விதமும் மாறுது. ப்ளக்இன் பழுதா, என் கை பழுதா?

பதில் 1: கம்ப்ரசர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது) ரேஷியோவ 10க்கு ஏத்திப் பாருங்க.

பதில் 2: ஏத்துறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே! ரெண்டு அலையும் ஒண்ணையொண்ணு அழிச்சிடுது. 55க்கு 20 சென்ட் மேல 55.64. வித்தியாசம் 0.64 ஹெர்ட்ஸ், அதாவது 1.6 செகண்டுக்கு ஒரு சுற்று. சுருதி சேராத ரெண்டு தம்புரா தந்தி அலையுமே, அதேதான். 1988ல டெட்ராய்ட்ல கெவின் சாண்டர்சன் 'ரீஸ்'ங்கிற பேர்ல கொண்டுவந்த சத்தத்தோட உயிரே அந்த அலைச்சல்தான். அதைக் கொல்லாதீங்க, ஆனா அடி அதிர்வெண்கள்ல மட்டும் அதை உள்ள விடாதீங்க.

சர்ஜ்ல ஏ, பினு ரெண்டு சீன், அதாவது ரெண்டு தனி ஒலி வைக்கிற இடம் இருக்கு. உங்க பேட்ச் (இப்ப கட்டின ஒலி) சீன் ஏ-லயே இருக்கட்டும், ஹைபாஸை (அடியை வெட்டுற ஃபில்டர்) 120 ஹெர்ட்ஸ் கிட்ட வைங்க. சீன் பி-ல ஒரே ஒரு சைன் அலை, யூனிசன் (ஒரே சுரத்துக்குப் பல நகல் அடுக்குறது) இல்லாம, எஃபெக்ட் இல்லாம. ரெண்டு சீனும் சேர்ந்து ஒலிக்க மோடை டூயலுக்கு மாத்துங்க. எல்லா ஆசிலேட்டர்லயும் ரீட்ரிகர் (ஒவ்வொரு நோட்டுக்கும் அலையை ஒரே இடத்துல இருந்து தொடங்குறது) ஆன். நோட்டுக்கு நோட்டு ஃபேஸ் (அலை தொடங்குற இடம்) எங்கயோ ஆரம்பிக்கிறதாலதான் ரெண்டர் மாறுது.

இதுல ஒரு குழி இருக்கு. டிஸ்டார்ஷன் நீங்க வெட்டின 55ஐத் திரும்பப் பெத்துப் போடும். பக்கத்துப் பக்கத்து ஹார்மானிக்குகளோட (அடி அதிர்வெண்ணோட மடங்குகள்) இடைவெளியே அதுதானே. அதனால டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடியும் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) வெச்சு அடியை வெட்டணும்.

கேட்டவர்: அந்தக் கடைசி பத்தியைச் சரியாப் படிக்காம அரைமணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். ஈக்யூ போட்டதும் நங்கூரம் போட்ட மாதிரி நிக்குது. ஆனா போன்ல கேட்டா சைன் சுத்தமா இல்ல.

பதில் 2: அந்தக் குட்டி ஸ்பீக்கர் 55ஐ எங்க போய்ப் பாடும்? சைனுக்கு லேசா சேச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) கொடுங்க. 110, 165னு மேல முளைக்கிறதை வெச்சு காது அடியை ஊகிச்சுக்கும். லேசாத்தான், மறுபடி எல்லாத்தையும் வறுத்துடாதீங்க.

கேட்டவர்: 165 வந்ததும் போன்லயே பேஸ் வரி தெரியுது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார், அப்புறம் வரேன்.