உழாத உழவு இயந்திரத்துக்கு என்ன பெயர்?

எழுதுவது: உவர்மலை மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய கைநூல் ஒன்று மூன்று சொற்களால் நின்றுபோயிருக்கிறது. உங்கள் உதவி வேண்டும்.

திருகோணமலையில் மைதானங்கள், பூங்காக்கள், நிலாவெளிப் பக்கத்து விடுதி வளவுகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலைக்கு இளைஞர்களைப் பழக்கும் வகுப்பு ஒன்று தொடங்குகிறது. அவர்கள் ஓட்டப்போவது 25 குதிரைவலு அளவிலான ஒரு சிறிய நான்கு சில்லு இயந்திரம். அதன் வயிற்றுக்கடியில் புல்வெட்டி பூட்டலாம். முன்னால் மண் அள்ளும் வாளி. பின்னால் முப்புள்ளி இணைப்பு. அதில் கம்பத்துக்குக் குழி தோண்டும் கருவி, பசளை தூவும் கருவி, மண் நிரவும் தகடு என்று வேலைக்கு ஏற்றதை மாட்டலாம். வயல் இயந்திரத்தின் ஆழமான பல் வைத்த சில்லு புல்தரையைக் கிழித்துவிடும். இதற்குப் பல் ஆழமில்லாத, அகலமான சில்லு.

மூலநூல் பனி கொட்டும் நாட்டில் எழுதப்பட்டது. அதில் ஆண்டு முழுவதும் என்றால் இளவேனிலில் புல், இலையுதிர்காலத்தில் சருகு, குளிர்காலத்தில் பனி. பனி அதிகாரத்தை எடுத்துவிட்டு நான் எங்கள் ஆண்டை எழுதினேன். புரட்டாதியில் மழைக்கு முன்பாக வடிகான் துப்புரவு. கார்த்திகை மார்கழியில் புல் மளமளவென்று வளரும், ஆனால் ஈரத்தரையில் இயந்திரத்தை இறக்கினால் மண் இறுகிப்போகும், காத்திருக்கவேண்டும். தையும் மாசியும் புல்வெட்டுக் காலம், அப்போதும் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. பங்குனி சித்திரையில் சருகு வாருவதும் மேடுபள்ளத்துக்கு மண் போடுவதும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று, புழுதி, காய்ந்த புல். தண்ணீர்ப் பவுசர் இழுப்பதும் தீ பரவாமல் ஓரம் வெட்டுவதும்தான் வேலை.

இப்போது சொற்கள். ஒன்று, இந்த இயந்திரத்தின் பெயர். அகராதியில் இருப்பது உழவு இயந்திரம். ஆனால் இது போகிற இடத்தில் உழுதால் வேலை போய்விடும். இரண்டு, இந்தத் தொழிலின் பெயர். மூன்று, எஞ்சினின் வலுவைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் அந்தச் சுழலும் தண்டு. அதைப் பற்றிய எச்சரிக்கை ஒட்டுச்சீட்டும் என் பொறுப்புதான்.

எழுதுவது: கோவைப் பொறியாளர்

வணக்கம். முதல் சொல்லுக்கு நாம் மூலத்துக்கே போகலாம். டிராக்டர் என்பதன் வேர் லத்தீன் மொழியில் இழுத்தல் என்ற வினை. உழவு அதில் இல்லவே இல்லை, அது நாம் பிறகு சேர்த்தது. ஆகவே இழுவை என்பதே சரி. சிறியது என்பதால் குறு + இழுவை = குற்றிழுவை. குற்றியலுகரம் என்ற சொல்லில் குறுவும் இயலும் புணர்வது போலத்தான். ஒரே சொல், சுருக்கம், பெயராகவும் அடையாகவும் நிற்கும்.

தொழிலுக்கு நிலம்பேணல். செய்பவர் நிலம்பேணி. மூன்றாவதற்கு எங்கள் பாடநூல்களில் திறன் எடுப்புத் தண்டு என்று பார்த்த நினைவு. அதையே வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவது: மூதூர் விவசாயப் போதனாசிரியர்

கோவை அம்மாவின் தருக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் கரையில் நின்று அந்தச் சொற்களைச் சொல்லிப்பார்க்கவேண்டும்.

இழுவை என்றால் இங்கே எல்லோருக்கும் இழுவைப்படகுதான். இழுவைமடியால் கடலின் அடி வழித்துப்போவதைப் பற்றி ஒவ்வொரு மீனவக் குடும்பமும் பேசுகிறது. அந்தச் சொல்லில் கோபம் ஏறிக் கிடக்கிறது. குற்றிழுவை என்று எழுதினால் முதலில் கண்ணில் படுவது குற்றம். புணர்ச்சி விதி தெரிந்தவருக்குத்தான் குறு தெரியும். அப்புறம் பேணி. எங்களுக்குப் பேணி என்றால் தகரப் பேணி, தேத்தண்ணி குடிக்கிற பேணி. நிலம்பேணி என்று ஒருவரை அழைக்க முடியாது.

உழவு இயந்திரம் உழாவிட்டால் என்ன? கரைவலையை உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுத்திருக்கிறார்கள். கல், மண், கல்யாணவீட்டுக் கதிரை எல்லாம் அதன் பெட்டியில்தான் போகிறது. யாரும் பெயரைக் கேள்வி கேட்கவில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்றைக்குத் தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். சொல்லுக்குள் இருக்கும் எள் யாருக்கும் தடையாக இல்லை. அதுபோல உழவும் இருந்துவிட்டுப் போகட்டும். சிறிய உழவு இயந்திரம் என்று எழுதுங்கள். பேச்சில் எப்படியும் மிசின் என்றுதான் சொல்வார்கள். இரண்டு சில்லுக்காரனை லாண்ட்மாஸ்டர் என்பது போல.

எழுதுவது: யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர்,

எண்ணெய் உவமை அழகானது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய் என்ற சொல் பல நூற்றாண்டுகளில் தானாகப் பொருள் விரிந்தது. நாம் இங்கே புதிதாக ஒரு பெயர் வைக்கிறோம். வைக்கும்போதே காரணம் பிழைத்த காரணப்பெயரை வைப்பானேன்? திருக்குறளில் உழவு அதிகாரத்தைப் பாருங்கள். தொடிப்புழுதி கஃசா உணக்கின் என்கிறார். ஒரு பலம் மண் கால் பலம் ஆகும்வரை உழுது காயவிடச் சொல்கிறார். உழவு என்றால் மண்ணைப் புரட்டுவது, காயவிடுவது. புல்தரைக்காரர் செய்வதோ மண்ணை மூடி வைப்பது. இரண்டும் எதிர்த் தொழில்கள். மாணவனுக்கு முதல் நாளே இந்த வேறுபாடு சொல்லிலிருந்து தெரியவேண்டும்.

தம்பி உவர்மலையார் தம் மடலில் தம்மை அறியாமலே விடையைச் சொல்லிவிட்டார். விடுதி வளவுகள் என்று எழுதியிருக்கிறார். வளவு! வீட்டைச் சூழ்ந்த நிலத்துக்கு ஈழத்தமிழர் நாவில் இருக்கும் சொல். வளை என்னும் வினையடி. வளையம், வளாகம், வளவு எல்லாம் ஒரே குடும்பம். வேலியால் வளைத்த இடம் என்பது பொருள். வளம் என்ற சொல்லோடு இணைத்து, வளவன் என்ற சோழர் பெயர் வரை கொண்டுபோவோரும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை, ஏனெனில் வளமற்ற கல்லுத்தரையையும் நாங்கள் வளவு என்றே சொல்கிறோம். சிங்களத்தில் பெருவீட்டைக் குறிக்கும் வலவ்வ என்ற சொல்லும் இதிலிருந்து போனது என்பதே என் கருத்து. இதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

ஆகவே தொழிலுக்கு வளவுப் பராமரிப்பு. இயந்திரத்துக்கு வளவிழுவை. வளவு என்பதன் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம், அது கெடுமா என்று யாரும் கேட்கவேண்டாம். முற்றும் அற்று ஒரோவழி, அதாவது சில இடங்களில் முற்றியலுகரமும் கெடும் என்று நன்னூலார் இடம் தந்திருக்கிறார். கதவழகு என்று சொல்வதில்லையா? இழுவைப்படகின் கோபத்தை வளவு என்ற முன்சொல் தணித்துவிடும்.

வட்டாரச் சொல் என்று தள்ளவும் வேண்டாம். தொல்காப்பியர் நால்வகைச் சொல்லில் திசைச்சொல்லுக்கும் இடம் வைத்திருக்கிறார். துவிச்சக்கரவண்டி என்று அரச ஏட்டில் எழுதிவிட்டுச் சைக்கிளில் போகிறோம். சொந்த வாயில் இருக்கும் சொல்லை ஏட்டில் ஏற்றினால் இந்தப் பிளவு வராது.

எழுதுவது: கோவைப் பொறியாளர்

ஐயா, வளவு எங்களுக்கும் தெரியாத சொல் இல்லைங்க. ஆனால் செட்டிநாட்டில் வளவு என்றால் வீட்டுக்கு உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். அங்கே வளவு இழுவை என்றால் என்ன நினைப்பார்கள்? குற்றிழுவையை விட்டுவிடுகிறேன். பேணியையும் விட்டுவிடுகிறேன், அந்தப் பொருள் எனக்குத் தெரியாது. பொதுத்தமிழ் வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

எழுதுவது: ரொறன்ரோவிலிருந்து

நான் பூங்கா ஒன்றில் இந்த இயந்திரத்தைப் பல குளிர்காலம் ஓட்டியவன். பனி வீசும் கருவியைப் பூட்டினால் அதைச் சுழற்றுவது நீங்கள் கேட்கும் அதே தண்டுதான். பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. வயிற்றுக்கடியில் இருப்பது அதைவிடப் பலமடங்கு வேகம், ஏறக்குறைய 2000. பனி அதிகாரத்தை எடுத்துவிடுங்கள், ஆனால் கருவியில் ஏதாவது அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்த பிறகே கிட்டப் போகவேண்டும் என்ற பக்கம் அதற்குள்தான் இருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். குப்பைமட்டை அடைத்தாலும் அதே விதிதான்.

இன்னொன்று. ஆசனத்துக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளையத்துக்கும் சொல் வேண்டும். கவிழ்காப்புச் சட்டம் என்பது என் யோசனை. அது நிமிர்ந்திருக்கும்போது இடுப்புப் பட்டி கட்டவேண்டும், மடித்து வைத்திருக்கும்போது கட்டக்கூடாது. கவிழ்ந்தால் பட்டி ஆளை இயந்திரத்தோடு சேர்த்துப் பிடித்துவிடும். திருகோணமலையில் உவர்மலைச் சரிவும் கோட்டைச் சரிவும் எனக்குத் தெரியும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எழுதுவது: உவர்மலை மொழிபெயர்ப்பாளர்

அண்ணா, மிக்க நன்றி. அந்தப் பக்கத்தை நான் உண்மையிலேயே பனியோடு சேர்த்து எடுத்திருந்தேன். திரும்பச் சேர்த்துவிட்டேன். கவிழ்காப்புச் சட்டத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் சொல்லைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிது. சென்ற மாசியில் ஒரு மைதானத்தில் நான் நேரே பார்த்தேன். தண்டின் காப்பு மூடி கழன்று பல நாளாகக் கிடந்தது. சாரம் கட்டிய ஒரு பெடியன், எஞ்சின் ஓட ஓட, கம்பி ஒன்றை எடுக்கப் பின்னால் குனிந்தான். சாரத்தின் ஓரம் பிடிபட்டது. நிமிடத்துக்கு 540 என்றால் வினாடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு ஒரு சாண் என்று வைத்தாலும் ஒரு வினாடியில் ஒன்பது சாண் துணி. சாரம் நைந்த பழந்துணி, கிழிந்துகொண்டு போனது. தொடையில் தோல் உரிந்ததோடு அவன் தப்பினான். புதுச் சாரமாக இருந்திருந்தால் அவன் தப்பியிருக்கமாட்டான், நானும் இந்தக் கைநூலை ஏற்றிருக்கமாட்டேன்.

அந்த இயந்திரத்தில் எச்சரிக்கை இருந்தது. ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழிலும் இருந்தது. தமிழில், திறன் எடுப்புத் தண்டு குறித்து அவதானமாக இருக்கவும். அவன் அதை வாசித்திருக்கிறான். பரீட்சைத் திறன் போல ஏதோ என்று நினைத்தானாம்.

ஆகவே இந்த ஒரு சொல்லில் மட்டும் நான் தூய்மையையும் பார்க்கப்போவதில்லை, பொதுத்தமிழையும் பார்க்கப்போவதில்லை. அந்தத் தண்டுக்கு ஒரு முழத்தில் நிற்பவன் கேட்டவுடன் கையை எடுக்கவேண்டும்.

எழுதுவது: மூதூர் விவசாயப் போதனாசிரியர்

பயிற்சியில் நாங்கள் அந்தத் தண்டை ஆங்கிலச் சுருக்கத்தில் பீ.ரீ.ஓ. என்றே சொல்கிறோம். பழகியவருக்கு விளங்கும். புதியவருக்கு விளங்காது. சுழல்தண்டு என்று போடுங்கள்.

எழுதுவது: கோவைப் பொறியாளர்

எங்கள் பக்கம் பி.டி.ஓ. என்று எழுதுவோம். ரீ என்று எழுதினால் இங்கே யாரும் அடையாளம் காணமாட்டார்கள். சுழல்தண்டு என்பதில் ஒரு சிக்கல், இயந்திரத்தில் சுழலும் தண்டுகள் பல. ஆனால் ஒட்டுச்சீட்டு அந்த ஒரு தண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் ஏற்கிறேன்.

எழுதுவது: யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ரீயா டீயா என்ற வழக்கில் இரு கரைக்கும் வெற்றி இல்லை. டகரமும் மொழிக்கு முதலில் வராது, ரகரமும் வராது. நாம் ரக்டர் என்கிறோம், அவர்கள் டிராக்டர் என்கிறார்கள், இலக்கணம் இரண்டையும் வாசலில் நிறுத்துகிறது. சுழல்தண்டு வினைத்தொகை. சுழன்ற, சுழல்கிற, சுழலும் என்று முக்காலத்துக்கும் நிற்கும். எச்சரிக்கைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. என் முழு ஒப்புதல்.

எழுதுவது: உவர்மலை மொழிபெயர்ப்பாளர்

நேற்று மாலை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு இது.

தொழிலுக்கு வளவுப் பராமரிப்பு. மைதானத்தை யாரும் வளவு என்று சொல்வதில்லையே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனாலும் மைதானமும் பூங்காவும் விடுதியும் கோட்டைக்குள் மான் மேயும் புல்தரையும் ஒரே சொல்லுக்குள் வேறெப்படியும் அடங்கவில்லை. இயந்திரத்துக்குச் சிறிய உழவு இயந்திரம். மூதூரார் சொன்னது போல அதுதான் இங்கே பழகிய பெயர், எனக்கும் நேரம் இல்லை. மனம் முழுதாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அதிகாரத்தில், இது உழுவதற்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஒட்டுச்சீட்டில் இப்படி: சுழல்தண்டு. சாரம், முந்தானை, தலைமுடி சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தாமல் கிட்டே வராதே.

வராதீர்கள் என்று மரியாதையாக எழுதுவதா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வராதே என்றே விட்டேன்.

எழுதுவது: யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஒட்டுச்சீட்டு மிக நன்று. வராதே என்பதே சரி.

ஆனால் இது உழுவதற்கு அல்ல என்று ஒரு வரி எழுதவேண்டி வந்ததே, அந்தப் பெயர் பொருந்தவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. என் மாற்றுக் கருத்தைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் எனக்கு ஒரு மடல் போடுங்கள், வளவிழுவைக்கு இன்னும் சில சான்றுகள் சேர்த்து வைத்திருப்பேன். வலவ்வ பற்றிய கட்டுரையைத் தனித் தலைப்பில் அனுப்புகிறேன்.