பெண் சூப்பர்ஹீரோ: உடையும் கேமராவும் முதலா, கதை முதலா?

உப்பளத்தான்
புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பாறைகள் மேல் சண்டை வைத்து 12 நிமிடக் குறும்படம் எடுக்க நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நாயகி சூப்பர்ஹீரோ. மாதிரி போஸ்டரில் அவள் முதுகைக் காட்டி, இடுப்பை முறுக்கி, தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கிறாள். கறுப்பு ரெக்சின் உடை, 3 அங்குல ஹீல்ஸ், விரித்த கூந்தல். எதை மாற்றலாம் என்று கேட்கிறார்கள்.

உடையையும் கேமராவையும்தான் முதலில் மாற்றணும் என்பது என் கட்சி. 2017இல் ஒரே வருடத்தில் வந்த 2 படங்களைப் பாருங்கள். பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் உமன்’ படத்தில் நாயகியின் தீவில் வாழும் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்களுக்கு லிண்டி ஹெம்மிங் வடிவமைத்தது போருக்குப் போகிறவர்கள் போடும் கவசம். சில மாதம் கழித்து வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’கில் அதே அமேசான்களில் சிலருக்கு வயிறு திறந்த தோலாடை. பாத்திரங்கள் அதே, தீவும் அதே. பார்க்கிற கண் மாறியதும் உடை மாறிவிட்டது.

மஞ்சக்குப்பம் 70எம்எம்
அண்ணே, உடை மாறினால் படம் மாறிடுமா? 2004 ‘கேட்வுமன்’ உடை மோசம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஹாலி பெர்ரிக்கு முழுக் கவசம் மாட்டியிருந்தாலும் அந்தப் படம் தேறியிருக்காது. அழகு கிரீம் விக்கிற கம்பெனியோட மோதுறதுதான் அங்கே கதை. உலகத்தைக் காப்பாத்துற வேலையெல்லாம் ஆணுக்கு, முகப்பூச்சு பொண்ணுக்கு. தப்பு தையல்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடி, எழுதுற மேசையிலேயே நடந்துடுச்சு.

அந்தப் படமும் அடுத்த வருஷம் ‘எலெக்ட்ரா’வும் விழுந்ததும், பொண்ணு நடிச்சா ஓடாதுன்னு கணக்குப் போட்டாங்க. 2014இல் கசிஞ்ச சோனி மின்னஞ்சல்கள்ல சூப்பர்ஹீரோ படம் எடுக்கிற மார்வெல் கம்பெனித் தலைமையிலிருந்து போன ஒண்ணு, இந்த ரெண்டையும் ‘சூப்பர்கேர்ள்’ படத்தையும் பட்டியல் போட்டே சொல்லுது. 2011இல் ‘கிரீன் லான்டர்ன்’ விழுந்தப்ப, ஆம்பளை நடிச்சா ஓடாதுன்னு யாரும் சொல்லலையே!

மார்வெலோட உளவாளி நாயகி பிளாக் விடோ 2010இல் ‘அயர்ன் மேன் 2’ல வந்தா. அவ பேர்ல தனிப்படம் வந்தது 2021. அதுக்குள்ள 2019 ‘எண்ட்கேம்’ல அவளைச் சாகடிச்சாச்சு. இதை எந்த உடை சரிபண்ணும்?

பிள்ளைங்களுக்கு என் யோசனை: திரைக்கதையை எடுங்க. நாயகி ஒரு முடிவெடுத்து, அதனால அடுத்த காட்சி மாறுதுன்னா அங்கே சிவப்புப் பேனாவால ஒரு கோடு. 12 பக்கத்துல 3 கோடாவது விழலைன்னா அவ ஹீரோ இல்ல, சண்டை போடுற துணைப் பாத்திரம்.

வானதி_லாஸ்பேட்டை
இரண்டு பேரும் சண்டை எடுக்கிற வேலையை விட்டுட்டுப் பேசுறீங்க. உடை சின்னதா இருந்தா அடிபடுறது டூப் போடுற பெண்தான். முழுக்கை, முழுக்கால்சட்டை போட்ட நடிகருக்கு முட்டி, முழங்கை, இடுப்பு, வால் எலும்பு எல்லாத்துக்கும் உள்ளே பேட் கட்டலாம். கை இல்லாத, தொடை தெரியுற உடையில எங்கே கட்டுறது? அதே பாறையில, அதே விழுதல், பாதுகாப்பு மட்டும் பாதி.

ரெக்சின் உடம்போட ஒட்டித் தைச்சா, கம்பியில தொங்கவிட உடம்புல மாட்டுற ஹார்னஸ் பட்டை உள்ளே போகாது. ஹார்னஸும் பேடும் போட்டுக்கிட்ட பிறகுதான் அளவெடுக்கணும். குட்டிக்கரணம் வேணும்னா இடுப்பின் இரண்டு பக்கமும் கம்பி வெளியே வர விரற்கடை அளவு திறப்பு விடணும், அந்த ஓரத்துக்கு இரட்டைத் தையல். இல்லைன்னா முதல் டேக்லயே கிழியும். நம்ம கடலோரப் புழுக்கத்துக்கு ரெக்சின் சரிப்படாது, வியர்வை வெளியேறாது. கனமான பருத்தி ட்ரில் துணியில சாயம் ஏத்துங்க.

மார்பு வடிவத்துல இரண்டு கிண்ணம் வச்ச கவசமும் வேண்டாம். நடுவுல பள்ளம் விழுது, வழுக்குற அடியெல்லாம் நேரா நெஞ்செலும்புக்குப் போகும். நெஞ்சு முழுக்க ஒரே வளைவா இருந்தாத்தான் அடி பக்கவாட்டுல நழுவும்.

ஹீல்ஸைப் பத்தி: கிட்டக்காட்சிக்கு ஹீல்ஸ், சண்டைக்கு அதே நிறத்துல தட்டை ஷூன்னு சமாளிப்பாங்க. அகலக்காட்சியில உயரம் 3 அங்குலம் குறைஞ்சது தெரியும், கால்சட்டை நுனியும் தரையில மடியும். பாசி பிடிச்ச கருங்கல்லு மேல ஹீல்ஸ் போட்டு யாரையும் நிக்க வைக்காதீங்க.

கட்டியங்காரன்
விரித்த கூந்தலைக் குறை சொல்லுமுன் கொஞ்சம் நிதானிக்கலாம். பாரதி பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை இந்தப் புதுச்சேரியிலிருந்துதான் 1912இல் வெளியிட்டார். பாஞ்சாலியின் கூந்தல் அழகுக்காக அவிழ்ந்திருக்கவில்லை. துச்சாதனன், துரியோதனன் இருவர் குருதியையும் பூசிய பிறகே கூந்தலை முடிவேன் என்பது சபதம். கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவத்துக்கு முன்னால்தான் அம்மன் கூந்தல் முடிவாள். சபையில் அவிழ்ந்தது படுகளத்தில் முடிகிறது. நடுவே எத்தனை இரவு கூத்து நடந்தாலும் பார்ப்பவருக்கு அது ஏன் அவிழ்ந்திருக்கிறது என்பது தெரியும்.

சூப்பர்ஹீரோ படங்களில் கூந்தல் காற்றில் பறப்பதற்கு அப்படி ஒரு காரணம் சொல்வதில்லை. ஆகவே விரித்த கூந்தலைக் கத்தரிக்க வேண்டாம், அதற்கு ஒரு காரணம் எழுதுங்கள்.

உப்பளத்தான்
இதை ஏற்கிறேன். ஆனால் 70எம்எம் தம்பி, கதை சரியாக இருந்தும் கண் தவறினால் என்ன ஆகும்? 2025இல் வந்த மலையாள ‘லோகா’ நல்ல படம். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி, அதாவது ஆளைக் கொல்லும் பெண் பேயின் கதையைத் திருப்பிப் போட்டு, அவளைக் காப்பவளாக்கினார்கள். கல்யாணி பிரியதர்ஷனின் சந்திராவுக்குப் பெரும்பாலும் சாதாரண உடுப்புதான். ஆனாலும் தொடக்கப் பகுதியில் எதிர்வீட்டு சன்னி தன் ஜன்னலிலிருந்து பார்க்கிற பெண்ணாக அவளைக் காட்டுகிறார்கள். அது எனக்கு உறுத்தியது.

மஞ்சக்குப்பம் 70எம்எம்
அதையே நான் பலம்னு சொல்வேன். சன்னி கண்ணால பார்க்கிற நாம ஏமாறுறோம், அவ யாருன்னு தெரிஞ்சதும் அந்தப் பார்வையே கூசிப் போகுது. கேமரா யார் கண்ணுங்கிறதை முடிவு பண்றதும் எழுத்துதான்.

எனக்குப் பெரிய குறை வேற. பொண்ணுக்குச் சக்தி கொடுத்துட்டு, தோல்வி கொடுக்க பயப்படுறாங்க. ‘கேப்டன் மார்வெல்’ 100 கோடி டாலர் தாண்டி வசூல் பண்ணுச்சு. கடைசியில சக்தி இல்லாம மோதிக்காட்டுன்னு பழைய குரு சவால் விட, ஒரே வீச்சுல அவனைத் தள்ளிட்டு, உன்கிட்ட நிரூபிக்க எனக்கு எதுவும் இல்லங்கிறா. அருமையான இடம். ஆனா சக்தி முழுசா வந்தப்புறம் அவளைத் தொட ஆளே இல்ல, அவ இழக்கிறதும் எதுவும் இல்ல.

வானதி_லாஸ்பேட்டை
1978 சூப்பர்மேனும் தொட முடியாதவர்தானே, அண்ணா?

மஞ்சக்குப்பம் 70எம்எம்
அவருக்கு ரெண்டு ஏவுகணை விட்டாங்க வானதி. முதல்ல எதைத் தடுப்பேன்னு வாக்குக் கொடுத்துட்டாரு, வாக்கைக் காப்பாத்தப் போய் அவர் காதலி லோயிஸ் செத்துப் போறா. எவ்வளவு சக்தி இருந்தும் ஒரு இடத்துலதான் இருக்க முடிஞ்சது. அந்த மாதிரி நெருக்கடியைத்தான் நாயகிக்கும் கேக்கறேன்.

உப்பளத்தான்
கேமராவை நான் இன்னும் விடவில்லை. காலணியில் தொடங்கி இடுப்பு வழியாக முகத்துக்கு ஏறுகிற அறிமுகக் காட்சி வேண்டாம். முகத்தில் தொடங்குங்கள், அடுத்து அவள் எதைப் பார்க்கிறாள் என்று காட்டுங்கள். ஸ்லோமோஷனை அடி விழும் இடத்துக்கு வையுங்கள், உடல் வளையும் இடத்துக்கு வேண்டாம். நொடிக்கு 96 பிரேம் எடுத்து 24இல் ஓட்டினால் 1 நொடி 4 நொடியாகும். அந்த 4 நொடியும் பார்வையாளர் எதைப் பார்க்கிறார் என்பது உங்கள் பொறுப்பு.

வானதி_லாஸ்பேட்டை
96 பிரேம்னா வெளிச்சம் 2 ஸ்டாப் போயிடும், அதாவது கால் பங்குதான் மிஞ்சும். நம்ம கடல் கிழக்கே இருக்கு, சாயங்காலம் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னாடி இறங்கி, பாறையெல்லாம் நிழலாயிடும். அதனால சண்டையை விடியற்காலையில வையுங்க. கடல் காற்று அடிக்கிற நேரத்துல ஊரைப் பார்த்து நின்னா கூந்தல் முகத்துலதான் வந்து விழும், கண் தெரியாம டூப் அடி தவறுவாங்க. கட்டியங்காரன் ஐயா சொன்னபடி கடைசிச் சண்டைக்கு முன்னாடி அவ கூந்தலை முடியட்டும். கதைக்கும் ஆச்சு, விக் கழண்டு விழாமலும் இருக்கும்.

கட்டியங்காரன்
முடிகிற அந்தக் காட்சியை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள். போஸ்டருக்கும் அதுவே போதும்: இரு கையும் கொண்டையில், முகம் நேராக.

உப்பளத்தான்
போஸ்டர் வரைந்த தங்கைக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். தம்பி, சிவப்புக் கோடு போட்ட 12 பக்கமும் வந்ததும் இங்கேயே போடச் சொல்லியிருக்கிறேன். கோட்டை நீ எண்ணு, ஷாட்டை நான் பார்க்கிறேன்.