கோர்பா: பைட் வரிசை மாறுபடும் இயந்திரங்களுக்கிடையே எண்கள் பிழையின்றிச் செல்வது எப்படி?

கேள்வி: ஸ்பார்க் சோலாரிஸில் ஓடும் எங்கள் பழைய சி++ நிரலை, இன்டெல் விண்டோஸில் உள்ள மற்றொரு சி++ நிரல் கோர்பா (வெவ்வேறு கணினிகளிலுள்ள நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க உதவும் பொதுத் தரநிலை) வழியாக அழைக்கிறது. இரண்டின் பைட் வரிசையும் (ஓர் எண்ணின் பைட்டுகளை அடுக்கும் முறை) நேரெதிரானவை. அப்படியிருந்தும் மதிப்புகள் மாறாதது எப்படி?

பதில் 1: அனுப்பும் நிரல் தன் வரிசையிலேயே அனுப்பிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் 12 பைட் தலைப்பு உண்டு. அதில் ‘ஜிஐஓபி’ (கோர்பா செய்தி வடிவத்தின் பெயர்) என்னும் நான்கு எழுத்துகளையும் பதிப்பு எண்ணையும் அடுத்து வரும் 7ஆவது பைட்டின் ஒரே ஒரு பிட் வரிசையைத் தெரிவிக்கும். 1 என்றால் சிறுமுனை முதலில், அதாவது எண்ணின் கீழ்மதிப்புப் பைட் முன்னே வரும். பெறும் நிரல், தன் வரிசை வேறாக இருந்தால் மட்டுமே திருப்பிக்கொள்ளும். சிக்கனமான ஏற்பாடு.

பதில் 2: இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1991இல் வந்த கோர்பாவின் முதல் பதிப்பு இடைமுக வரையறை மொழியை (ஒரு நிரலை எப்படி அழைக்கலாம் என்று விவரிக்கும் மொழி) தந்ததே தவிர, பொதுவான பரிமாற்ற நெறிமுறையைத் தராததால், வெவ்வேறு நிறுவனங்களின் தரகு மென்பொருள்கள் (நிரல்களுக்கிடையே அழைப்புகளைக் கொண்டுசேர்ப்பவை) தமக்குள் பேச இயலவில்லை. அக்குறையை இரண்டாம் பதிப்பின் ஐஐஓபி (ஜிஐஓபி செய்திகளை இணைய நெறிமுறை வழியே அனுப்பும் பொது நெறிமுறை) தான் நீக்கியது.

பதில் 3: ஜாவாவுக்கு மாறும் எண்ணமிருந்தால் கவனம்: 2018இல் வெளிவந்த ஜாவா 11இலிருந்து கோர்பா நீக்கப்பட்டுவிட்டது.