உபுண்டு சர்வரில் விலான் 20 வேலை செய்யவில்லை, அவசரம்

கரிசல்_நெட்:
நண்பர்களே, சர்வரில் விலான் 20 (அதே கேபிளில் தனியாக ஓடும் இன்னொரு நெட்வொர்க்) சேர்த்தேன். நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங் கருவி) அப்ளை கொடுத்தால் எரர் எதுவும் இல்லை. இன்டர்ஃபேஸ் அப் என்றுதான் காட்டுகிறது, ஐபியும் ஏறியிருக்கிறது. ஆனால் கேட்வேக்கு பிங் போகமாட்டேங்குது. காலைக்குள் முடிக்கணும், யாராவது சொல்லுங்க.

பைட்_பாண்டி:
எந்த வெர்ஷன்? நிஜ சர்வரா, விஎம்மா? நெட்பிளான் ஃபைலைப் போடுங்க. சுவிட்ச் போர்ட் எப்படி இருக்கு?

இரவுப்பணி:
எம்டியூதான், அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. விலான் டேக் (எந்த விலான்னு பாக்கெட்டில் ஒட்டும் அடையாளம்) 4 பைட் எடுத்துக்கும், 1496 வெச்சுப் பாருங்க. எனக்கு எப்பவும் இதுதான்.

பைட்_பாண்டி:
@இரவுப்பணி சும்மா பிங் அடிச்சா பாக்கெட் 84 பைட்தான் ப்ரோ. அதுவே போகலன்னா எம்டியூ எப்படிக் காரணமாகும்?

மூத்தவன்:
802.1கியூ (விலான் டேக்குக்கான தரநிலை) என்றால் என்னவென்று படித்துவிட்டு சர்வரில் கை வைக்கலாம். இங்கே வாரம் ஒருவர் இதையே கேட்கிறார். நெட்பிளானைத் தூக்கிவிட்டு பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைலுக்கே போங்கள்.

பைட்_பாண்டி:
அண்ணா, நெட்பிளான் என்ன பாவம் பண்ணுச்சு? ரிமோட்டில் இருப்பவருக்கு 'நெட்பிளான் ட்ரை' ஒரு வரம். உறுதி செய்யலன்னா 120 செகண்டில் பழைய நிலைக்கே திரும்பிடும்.

மூத்தவன்:
அது இல்லாத காலத்திலும் சர்வர் ஓடியது தம்பி.

கரிசல்_நெட்:
22.04, நிஜ சர்வர். ஈனோ1 (சர்வரின் நெட்வொர்க் போர்ட்) மேல் ஐடி 20, 192.168.20.5/24. ஈனோ1இல் இருக்கிற பழைய ஐபி விலான் 10, அது நல்லா ஓடுது. சுவிட்ச் வேற டீம் கையில்.

வைகைக்கரை:
விலான் இன்டர்ஃபேஸ் அப் என்று வருவதை நம்பாதீர்கள். ஈனோ1இல் கேபிள் உயிரோடு இருந்தாலே அது அப் ஆகிவிடும். எதிரே சுவிட்ச் 20ஐ ஏற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பிங்கை ஓடவிட்டு, ஈனோ1 மேலேயே டிசிபிடம்ப்பை (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி), டேக்கும் தெரிய '-இ' போட்டுப் பாருங்கள். விலான் 20 டேக்கோடு ஏஆர்பி கேள்வி ('இந்த ஐபி யாருடையது' என்று கேட்பது) மட்டும் போய், பதில் வரவில்லை என்றால் லினக்ஸ் பக்கம் சரி.

விலான் 10 டேக் இல்லாமலே ஓடுகிறது என்பதால் அந்த போர்ட் 10இல் ஆக்சஸாக (ஒரே விலானுக்கு மட்டும்) இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதை ட்ரங்க் (பல விலான்கள் போகும் போர்ட்) ஆக்கி 20ஐ அனுமதிக்க வேண்டும். முக்கியம்: நேட்டிவ் விலானை (டேக் இல்லாத பாக்கெட்டுகள் சேரும் விலான்) 10 என்றே வைக்கச் சொல்லுங்கள். மறந்தால் இப்போது நீங்கள் உள்ளே இருக்கும் எஸ்எஸ்எச் (ரிமோட் லாகின்) அறுந்துபோகும்.

இரவுப்பணி:
எதுக்கும் எம்டியூவையும் ஒரு தடவை பாத்துடுங்க.

மூத்தவன்:
சுவிட்ச் டீமை முதலிலேயே கேட்டிருந்தால் இந்த இழையே தேவையில்லை.

பைட்_பாண்டி:
கேட்கத்தானே அண்ணா இந்தப் பகுதி? புதுசா வர்றவங்களை இப்படி விரட்டாதீங்க.

கரிசல்_நெட்:
ஏஆர்பி போகுது, பதில் இல்ல. போர்ட் ஆக்சஸ்தான். ட்ரங்க் மாத்தி நேட்டிவ் 10 வெச்சாங்க, பிங் வருது. நன்றி வைகைக்கரை அண்ணா.