அஞ்செட்டிப் பக்கம் பிற்பகலானால் நின்றுபோகும் ஃபைபர் இணைப்பு: உதவி தேவை

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில் ஒரு மலைக் கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். 7 வாரங்களாக, காலையில் ஒழுங்காக இயங்கும் ஃபைபர் இணைப்பு, பிற்பகலில் காற்று எழும்பியதும் மோடத்தின் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மினுக்க, நின்றுவிடுகிறது. வருமானச் சான்றுக்கு மனுக் கொடுக்க நடந்து வந்தவர்களை, சிக்னல் கிடைக்கும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று கைபேசியில் பதிவேற்றுகிறேன்.

மோடம் ஜிபான் (ஃபைபர் இணைப்புத் தொழில்நுட்பம்) பி பிளஸ் வகை. பேட்ச் கார்டை (மோடத்தில் செருகும் குட்டை ஃபைபர் கேபிளை) இருமுறை மாற்றினேன், முனையை ஆல்கஹாலில் துடைத்தேன், மோடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒளியின் வலுவை அளக்க இரவல் வாங்கிய பவர் மீட்டரை 1490 நானோமீட்டரில் வைத்து அளந்தபோது காலையில் -25, பிற்பகலில் -29 டிபிஎம் காட்டியது (எண் கீழே போகப் போக ஒளி வலு குறைவு). இவ்வகை மோடம் -27 வரைதான் தாங்கும் என்பதால், கோளாறு வெளியே கேபிளில்தான் என்று நினைக்கிறேன். மூன்று முறை புகார் அளித்தும், ஊழியர்கள் காலையிலேயே வந்து, பச்சை விளக்கைப் பார்த்து, 'சரியாக உள்ளது' என்று எழுதிச் செல்கிறார்கள்.

மின்கம்பங்கள் வழியே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வரும் கேபிளில் ஓரிடத்தில் புளியங்கிளை உரசுகிறது. வேறொரு கம்பத்தில் ஜாயின்ட் பெட்டியின் மூடி பிளந்து தொங்குகிறது.

கேபிளில் பழுது எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் ஓடிடிஆர் கருவி இல்லாமல், இவ்விரண்டில் எது காரணம் என்று உறுதியாகக் கண்டறிவது எப்படி?