உண்ணிக்குப் போட்ட ஊசி கொசுவையும் கொல்லுமா?

மேலூர் விவசாயி:
வணக்கம். எங்கள் மாடுகளுக்கு உண்ணித் தொல்லை அதிகமானதால் கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டார்; அந்த மாட்டைக் கடிக்கும் கொசுவும் சாகும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நடவு முடிந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தபின் தொழுவத்தில் நிற்க முடியவில்லை. கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும்போதே கொசு மாட்டின் மடியில் அமர்ந்து குடிக்கிறது. சுருளுக்கு அசையாத கொசு இம்மருந்துக்கு மட்டும் சாகுமா? நாங்களும் மாத்திரையாகச் சாப்பிடலாமா?

பூச்சியியல் மாணவி, மதுரை:
சாக வாய்ப்புண்டு ஐயா. சுருளிலும் மருந்தூட்டிய கொசுவலையிலும் இருப்பவை பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள். அவை கொசுவின் நரம்பில் சோடியம் செல்லும் வழியைத் தாக்குகின்றன. அந்த வழியின் அமைப்பு மரபணு மாற்றத்தால் சற்றே திரிந்துவிட்ட கொசுவிடம் புகை பலிப்பதில்லை. ஐவர்மெக்டினோ, குளுட்டமேட் என்னும் நரம்புச் செய்திப்பொருளால் திறக்கும் குளோரைடு வழியைத் திறந்தபடியே நிறுத்திக் கொசுவை முடக்குவதால், அந்தத் திரிபு இதற்குத் தடையாவதில்லை. ஆனால் மருந்தை உடைத்துச் செரிக்கும் நொதிகள் மிகுந்த கொசுக்களும் உண்டு; அவற்றிடம் இதன் வேகம் குறையக்கூடும்.

இரண்டு வரம்புகளைக் கவனியுங்கள். கொசு கடித்து இரத்தம் குடித்த பிறகே சாகும் என்பதால், கடிபடுபவருக்கு அந்தக் கடியிலிருந்து பாதுகாப்பில்லை. மேலும், மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் இதற்கு எளிதில் மடிவதுபோல் க்யூலெக்ஸும் ஏடிஸும் மடிவதில்லை; வயற்காட்டிலிருந்து உங்கள் தொழுவத்துக்கு வருபவற்றில் பெரும்பகுதி க்யூலெக்ஸாகவே இருக்கும்.

மனிதருக்குக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள். கென்யாவின் குவாலே பகுதியில் உடல் எடையில் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் மாதம் ஒருமுறையாக மூன்று மாதம் ஊர் முழுவதற்கும் கொடுத்தபோது, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் புதிய மலேரியாத் தொற்று 26 விழுக்காடு குறைந்ததாக 2025இல் முடிவு வெளியாயிற்று. ஊரே சேர்ந்து உட்கொண்டதால் கிடைத்த பலன் அது. ஒரு வீட்டார் மட்டும் விழுங்குவதால் கொசு குறையாது.

கால்நடைப் பராமரிப்பில் இருப்பவர், உசிலம்பட்டி:
மாட்டு ஊசி மருந்தை மனிதர் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. கறவை மாட்டுக்குப் போட்டிருந்தால், மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். மருந்து சாணத்தோடும் வெளியேறிச் சாணவண்டுகளைக் கெடுக்கும். கொசுவுக்காகவென்றே மாதாமாதம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மேலூர் விவசாயி:
இருவருக்கும் நன்றி. நல்ல வேளையாக ஊசி போட்டவை உழவு மாடுகள். தெருவில் டெங்குக் காய்ச்சலும் இருக்கிறது. அதற்காவது இது உதவுமா?

பூச்சியியல் மாணவி, மதுரை:
உதவாது ஐயா. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. மாட்டைவிட மனிதரையே நாடும். அது வளர்வது வீட்டுச் சின்டெக்ஸ் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் போன்றவற்றில்தான். வாரம் ஒருமுறை அவற்றைக் காலிசெய்து, உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் போகும்படி தேய்த்துக் கழுவி, துணியால் இறுக மூடிவையுங்கள். தொழுவத்துக்கு மாலையில் ஒரு மின்விசிறி வைத்தால் சுருளைவிட நன்றாகவே பயன்படும்.