டாய்ச்லாண்ட் டிக்கெட்டுடன் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து எல்லையைக் கடக்கும்போது அது எதுவரை செல்லும்?

இசார்க்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மியூனிக்கில் ஒன்றரை ஆண்டாக வேலை பார்த்துவருகிறேன். ஜெர்மனி முழுவதும் பிராந்திய வண்டிகளிலும் நகரப் போக்குவரத்திலும் செல்லும் மாதச் சந்தாச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. இதுவரை அதை ஜெர்மனிக்குள் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஜூன் 4 அன்று மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து 26 வரை எங்களோடு இருக்கப்போகிறார்கள். சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள், இன்ஸ்ப்ரூக்குக்கு ஒரு நாள், பிறகு ஃப்ரைபுர்கில் இருக்கும் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கி அங்கிருந்து சூரிச் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறேன்.

என் டிக்கெட் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுமா, அல்லது அடுத்த நாட்டின் முதல் நிலையம் வரை செல்லுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அதற்கு அப்பால் உள்ள தூரத்துக்கு மட்டும் தனியாகச் சீட்டு எடுத்துக்கொண்டு ஒரே வண்டியில் உட்கார்ந்தபடியே போகலாமா? பெற்றோருக்கும் இதே டிக்கெட்டை வாங்குவதா, வேறு ஏதாவது பாஸ் வாங்குவதா? அப்பாவுக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகமாக வண்டி மாறுவதும் நடைமேடையில் ஓடுவதும் இயலாது.

ரோசன்ஹைம் ரவி (பதில்)

வணக்கம் நண்பரே. நாட்டின் எல்லை ஓரிடத்திலும் பயணச்சீட்டின் எல்லை வேறோரிடத்திலும் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஃப்ரைலாசிங்கை விட்டுப் புறப்பட்ட வண்டி சாலாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே நீங்கள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். ஆனால் ஜெர்மன் கட்டணம் சால்ஸ்பர்க் தலைமை நிலையம் வரை செல்லுபடியாகும் என்பதால் உங்கள் டிக்கெட்டும் அதுவரை செல்லும். இன்ஸ்ப்ரூக் பாதையில் இதே நிலை குஃப்ஸ்டைனில். கீஃபர்ஸ்ஃபெல்டன்தான் ஜெர்மனியின் கடைசி நிலையம் என்றாலும், அதற்கு அடுத்ததாக, மலைமேல் கோட்டை தெரியும் குஃப்ஸ்டைன் நிலையம் வரை தனிச்சீட்டு வேண்டாம். இரண்டு ஊர்களிலும் நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் நகரப் பேருந்துக்கு இந்த டிக்கெட் செல்லாது. அதற்கு அங்கேயே சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எல்லை வண்டியின் வகை. டாய்ச்லாண்ட் டிக்கெட் பிராந்திய வண்டிகளின் இரண்டாம் வகுப்புக்கு மட்டுமே உரியது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு ஒரே தண்டவாளத்தில் பிராந்திய வண்டியும் போகிறது, ரெயில்ஜெட், யூரோசிட்டி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளும் போகின்றன; முதலாவதில் மட்டுமே நீங்கள் ஏறலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் போகும் ஆஸ்திரிய ரெயில்ஜெட், தன் நாட்டு மலைகளைச் சுற்றிப்போகாமல் எங்கள் ரோசன்ஹைம் வழியாக, ஜெர்மன் மண்ணின் குறுக்கே, நிற்காமல் ஓடுகிறது. ஆஸ்திரியர்களின் பொதுப் போக்குவரத்துப் பாஸான கிளிமா டிக்கெட் அந்தத் துண்டுக்கும் செல்லுபடியாகும்; ஜெர்மனிக்குள்தானே ஓடுகிறது என்று நினைத்து நாம் நம்முடைய டிக்கெட்டோடு அதில் ஏறினால் செல்லாது.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். எல்லை நிலையத்திலிருந்து சீட்டு எடுத்து இரண்டையும் இணைத்துப் போகலாம். அதில் தவறே இல்லை. நீங்கள் ஏறும் வண்டி இரண்டு சீட்டுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. குஃப்ஸ்டைனில் இறங்கி ஆஸ்திரியப் பிராந்திய வண்டிக்கு மாறினால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். மூன்று பேர் என்பதால் ஆஸ்திரிய ரயில்வேயின் ஐன்ஃபாக் ராவுஸ் டிக்கெட்டையும் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் ஒரு நாள் முழுதும் அந்த நாட்டுப் பிராந்திய வண்டிகளில் போகலாம். வாரநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் தொடங்கும்.

திரும்பும்போது ஒரு செய்தி. ஜெர்மனி தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் 2024 செப்டம்பர் 16 முதல் சோதனை நடத்திவருகிறது. ஆஸ்திரிய எல்லையில் அது 2015லிருந்தே உண்டு. ஃப்ரைலாசிங்கில் போலீசார் ஏறி ஆவணம் கேட்பது வழக்கம். பெற்றோரின் அசல் பாஸ்போர்ட்டும், உங்கள் பாஸ்போர்ட்டோடு வதிவிட அட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும். நகல் போதாது.

பழைய மாணவி (பதில்)

மேலே சொல்லியிருப்பவை அனைத்தும் சரி. ஒரே வண்டியில் உட்கார்ந்தபடியே போகலாமா என்ற கேள்விக்கு மட்டும், பட்டு அறிந்தவள் என்ற முறையில் சிறிது சேர்க்கிறேன். படிக்கும் காலத்தில் வியன்னா செல்வதற்காக, சால்ஸ்பர்க்கிலிருந்து ஷ்பார்ஷீன என்ற ஆஸ்திரிய ரயில்வேயின் மலிவுச் சீட்டு ஒன்றை எடுத்திருந்தேன். சால்ஸ்பர்க் வரைக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், வியன்னா வரை போகும் அந்த ரெயில்ஜெட்டிலேயே மியூனிக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பரிசோதகர் இரண்டு சீட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது சரி, முதலாவது இந்த வண்டிக்கு ஆகாது என்றார். அறுபது யூரோ போயிற்று. பிழை முழுக்க என்னுடையதே.

அடுத்த முறை அறிவு வந்து பிராந்திய வண்டியில் போனேன். அது நாற்பது நிமிடம் தாமதமாகி, என் ஷ்பார்ஷீன வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. அந்த வகைச் சீட்டு குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக எடுத்திருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடும் பொறுப்பு ரயில் நிறுவனத்துடையது. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமை விதியும் அப்படித்தான் சொல்கிறது. தனித்தனியாக எடுத்த இரண்டு சீட்டுகளோ இரண்டு தனி ஒப்பந்தங்கள். நடுவில் விழுந்த இடைவெளிக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே என் கருத்து இது: பயணம் எல்லை நிலையத்திலேயே முடிகிறது என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைப் போல வசதியானது வேறில்லை. அப்பாலும் வெகுதூரம் போகவேண்டும் என்றால், அதிலும் மூட்டுவலியுள்ள பெரியவரை அழைத்துப்போகிறீர்கள் என்றால், அந்த ஒரு நாளைக்கு அதை மறந்துவிட்டு மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் வரை யூரோசிட்டியில் நேராக ஒரே சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வண்டி மாறவும் வேண்டாம்.

இசார்க்கரையான்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்ஸ்ப்ரூக்குக்கு நேர்ச்சீட்டே எடுத்துவிடுகிறேன். பெற்றோருக்கு எந்தப் பாஸ் என்பதும் சூரிச்சும் மட்டும் இன்னும் தொக்கி நிற்கின்றன.

கருங்காட்டுவாசி (பதில்)

நான் ஃப்ரைபுர்கில் பதினோரு ஆண்டாக இருக்கிறேன். எனவே இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். முதலில் பெற்றோரின் பாஸ். ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கென்று ஜெர்மன் ரெயில் பாஸ் ஒன்று உண்டு. அதில் ஐசிஇ என்ற அதிவேக வண்டிகளிலும் ஏறலாம். ஆனால் நீங்கள் சொல்லும் திட்டத்துக்கு அது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோ ஆகியிருக்கிறது. அவர்களுடைய வருகை முழுவதும் ஜூன் மாதத்துக்குள் அடங்கிவிடுவதால் ஆளுக்கு ஒரு மாதக் கட்டணம் போதும். மியூனிக் நகரப் பேருந்து, சுரங்க ரயில் எல்லாம் அதிலேயே வந்துவிடும். இது சந்தா என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஜூன் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். அப்படிச் செய்யாவிட்டால் அவர்கள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபின் ஜூலைக் கட்டணமும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். சந்தாவே வேண்டாம் என்றால், சால்ஸ்பர்க் நாளுக்கு மட்டும், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஒருநாள் சீட்டான பயர்ன் டிக்கெட் இருக்கிறது. அதுவும் சால்ஸ்பர்க், குஃப்ஸ்டைன் வரை செல்லும். வாரநாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான். பயணம் செய்யும் ஒவ்வொருவர் பெயரும் சீட்டில் இருக்க வேண்டும்.

ஃப்ரைபுர்கிலிருந்து பிராந்திய வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாசல் பாடிஷர் நிலையத்தை அடைந்துவிடலாம். அது நிற்பது சுவிஸ் மண்ணில், நடத்துவது ஜெர்மன் ரயில்வே. உங்கள் டிக்கெட் அங்கே முடிகிறது. ரைன் ஆற்றுக்கு அந்தக் கரையிலுள்ள சுவிஸ் தலைமை நிலையத்துக்கு அது செல்லாது. சூரிச் போவதானால் பாடிஷர் நிலையத்திலிருந்தே சுவிஸ் ரயில்வேயின் செயலியில் சீட்டு எடுங்கள். சாதாரணச் சீட்டு குறிப்பிட்ட வண்டியோடு கட்டுப்படாது என்பதால், மேலே சகோதரி சொன்ன தாமதச் சிக்கல் வராது. தள்ளுபடிச் சீட்டில் அது வரும்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் சூரிச்சை விட்டுவிட்டு ரைன் அருவிக்குப் போவேன். பாடிஷர் நிலையத்திலிருந்து ஷாஃப்ஹவுசன் வழியாக சிங்கன் செல்லும் ஜெர்மன் பிராந்திய வண்டி, நடுவில் வெகுதூரம் சுவிட்சர்லாந்துக்குள் ஓடினாலும், டாய்ச்லாண்ட் டிக்கெட் அந்தப் பாதை முழுவதற்கும் செல்லுபடியாகும். நொய்ஹவுசன் பாடிஷர் நிலையத்தில் இறங்கினால் அருவி நடக்கும் தூரம்தான். அப்பாவுக்கு இறக்கம் சிரமமாக இருந்தால் ஷாஃப்ஹவுசனில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள், அதற்குச் சுவிஸ் சீட்டு வேண்டும். ஷாஃப்ஹவுசன் நிலையத்தில் சுவிஸ் வண்டிகளும் பக்கத்துப் பக்கத்து நடைமேடைகளில் நிற்கும்; திரும்பும்போது அவசரத்தில் மாறி ஏறிவிடாதீர்கள்.

இன்னொன்று: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் பல கைபேசித் திட்டங்களின் இலவச ரோமிங் அங்கே கிடைக்காது. டிக்கெட் செயலியை ஃப்ரைபுர்கிலேயே திறந்து, மூவர் டிக்கெட்டும் இணையம் இல்லாமலே திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.